ரத்தம் பொங்கினால் முதலில் என்ன? ஆபரேஷன் தியேட்டர் பதற்றம் பற்றிய கேள்வி - பதில்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கமிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தன: அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போது டாக்டருக்கும், கூட நிற்பவர்களுக்கும் வருகிற பதற்றம். அதனால் இந்த இதழின் கேள்வி - பதில் பகுதி முழுவதும் அதற்கே. பதில் எழுதியவர்கள் அறுவை சிகிச்சை, மயக்கவியல் துறை மருத்துவர்கள். கேட்டவர்களின் பெயரை வெளியிடவில்லை.

லேப்ராஸ்கோபியில் பித்தப்பை எடுக்கும்போது உள்ளே எல்லாம் ஒட்டிப்போயிருந்தால் நெஞ்சு அடிச்சுக்குதுங்க. நிறுத்திக்கலாம்னு புத்தி சொல்லும், கை கேட்காது. "சின்னத் துளைன்னு சொல்லிட்டு இப்ப வயித்தையே திறந்துட்டீங்களே"ன்னு வெளியே சொந்தக்காரங்க கேட்பாங்களேங்கிற பயம் வேற. எப்படிச் சமாளிக்கிறது?
— பொது அறுவை மருத்துவர், கோபி

நெஞ்சு அடித்துக்கொள்ளும் நேரம் முடிவெடுக்கும் நேரம் அல்ல. பதற்றத்தில் பார்வை குறுகிவிடும், கடிகாரம் ஓடுவது தெரியாது, பிடித்த வழியையே விடாமல் பிடித்துக்கொண்டு போகத் தோன்றும். எனவே எங்கே நிற்பது என்பதைக் கை கழுவுவதற்கு முன்பே முடிவு செய்து, எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிடுங்கள்: "கேலோ முக்கோணத்தில் 20 நிமிஷம் பார்ப்பேன். தெளியலைன்னா வழியை மாத்துவேன். 20 ஆனதும் சொல்லுங்க." கேலோ முக்கோணம் என்பது கல்லீரலுக்கும் பித்தக்குழாய்களுக்கும் நடுவே, பித்தப்பையின் ரத்தக்குழாய் ஓடும் இடம். நேரம் பார்ப்பது மயக்க மருந்து டாக்டரின் வேலை, உங்களுடையது அல்ல. 20 என்பது எங்கள் கணக்கு. உங்கள் கைப்பழக்கத்துக்கு ஏற்ப 15 என்றோ 30 என்றோ வைத்துக்கொள்ளலாம். உள்ளே போன பிறகு மட்டும் அதை நீட்டக் கூடாது.

குழாயை அடைக்கும் கிளிப் போடும் முன் பார்க்க வேண்டிய மூன்றையும் அறுவை மருத்துவர் ஸ்ட்ராஸ்பெர்க் 1995-ல் வகுத்துக் கொடுத்துவிட்டார். முக்கோணத்தில் கொழுப்பும் நாரும் முழுக்க நீங்கியிருக்க வேண்டும். பித்தப்பையின் அடிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு கல்லீரலிலிருந்து பிரிந்திருக்க வேண்டும். பித்தப்பைக்குள் போவது ஒரு குழாய், ஒரு தமனி என இரண்டே இரண்டுதான் என்று முன்னாலும் பின்னாலும் பார்த்து உறுதியாகியிருக்க வேண்டும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. பதறும்போது இரண்டு தெரிந்தாலே மூன்றும் தெரிந்ததாக மனசு கணக்கு எழுதிவிடும், அதுதான் சிக்கல். அதனால் பூட்டை நர்ஸ் கையில் கொடுங்கள்: "மூணும் ஆச்சுன்னு நான் வாய்விட்டுச் சொல்ற வரைக்கும் கிளிப்பர் தராதீங்க."

குடலுக்குப் பித்தம் கொண்டுபோகும் பொதுப் பித்தக்குழாய் அறுபடுவது பெரும்பாலும் கை தவறி அல்ல, கண் ஏமாந்து. ஒட்டிப்போன பித்தப்பையை இழுத்துப் பிடிக்கும்போது பொதுக்குழாய் நிமிர்ந்து, பித்தப்பையின் சொந்தக் குழாயான சிஸ்டிக் குழாய் போலவே வந்து நிற்கும். ஒருமுறை அப்படி நம்பிவிட்டால், பிறகு வரும் எச்சரிக்கை ஒவ்வொன்றுக்கும் மனசே சமாதானம் சொல்லும். குழாய் வழக்கத்தைவிட அகலமா? வீக்கமாக இருக்கும். கிளிப் முழுதாகச் சுற்றவில்லையா? பெரிய கிளிப் கொடு. எதிர்பாராத இன்னொரு குழாயா? ஏதோ கூடுதல் கிளை. இந்த மூன்றில் எது வந்தாலும் கருவியை அசைக்காமல் நிறுத்தி, அதுவரை அந்தத் திரையைப் பார்க்காத இன்னொரு அறுவை மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஆள் வர முடியாவிட்டால் திரையின் படத்தை அனுப்பிவிட்டுப் போனில் பேசுங்கள். கல்லீரலின் அடியில் இருக்கும் ரூவியேர் பள்ளம் தெரிகிறதென்றால் அதற்குக் கீழே கத்தரியோ காட்டரியோ (சுட்டு அறுக்கும் கருவி) போக வேண்டாம்.

வழியை மாற்றுவது என்றால் திறப்பது மட்டுமே அல்ல. பித்தப்பையைத் திறந்து கற்களை எடுத்துவிட்டு, கழுத்துப் பகுதியைத் தொடாமல் மீதியை மட்டும் எடுத்து டிரெயின் (கசிவை வெளியே எடுக்கும் குழாய்) வைக்கலாம். ஒன்றும் அறுக்காமல் டிரெயின் மட்டும் வைத்துப் பெரிய மையத்துக்கு அனுப்பலாம். திறந்ததும் ஒட்டல் காணாமல் போய்விடாது. இன்றைய தலைமுறையில் திறந்து பித்தப்பை எடுத்துப் பழகியவர்களும் குறைவு.

சொந்தக்காரர்களிடம் முந்தின நாளே இப்படிச் சொல்லுங்கள்: "துளை வழியா ஆரம்பிப்போம். பாதுகாப்பு இல்லைன்னு பட்டா திறந்து செய்வோம், இல்லைன்னா பாதியோட நிறுத்துவோம். அப்படிச் செஞ்சா தப்பு நடந்துபோச்சுன்னு அர்த்தம் இல்லைங்க." ஒப்புதல் படிவத்திலும் இதைத் தமிழில், கையெழுத்துக்கு மேலேயே எழுதுங்கள். மில்லுக்கோ தறிக்கோ போகிறவர் என்றால், திறந்தால் எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். பிறகு வரும் கோபத்தில் பாதி அந்தக் கூலிக் கணக்கிலிருந்து வருவதுதான்.

ரத்தம் பொங்குச்சுன்னா எங்க டாக்டர் கத்த ஆரம்பிச்சுடறாருங்க. "அதைக் கொடு, இதைக் கொடு"ங்கிறாரு. எதைன்னு கேட்டா இன்னும் கோபம். எனக்குக் கையே ஓடறதில்ல. நான் என்ன பண்ணோணும்?
— ஸ்டாஃப் நர்ஸ், திருப்பூர்

இந்தப் பதிலை உங்கள் டாக்டரும் படிக்க வேண்டும்.

ரத்தம் பொங்கினால் முதலில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: விரலாலோ மாப்பாலோ (ரத்தத்தை உறிஞ்சும் துணி) அழுத்திப் பிடித்து, அப்படியே நிற்பது. கடிகாரம் பார்த்து 5 நிமிஷம். நடுவில் எட்டிப் பார்க்கக் கூடாது. அழுத்தினால் கேட்காத ரத்தப்போக்கு குறைவு. கேட்காவிட்டாலும் அந்த 5 நிமிஷத்தில் மற்றவர்கள் தயாராகிவிடலாம். டாக்டர் மயக்க மருந்து டாக்டரிடம் ஒரே வாக்கியம் சொல்ல வேண்டும்: "ரத்தம் போகுது, இன்னும் அடங்கலை." அவர் 16 அல்லது 14 அளவில் இரண்டாவது ஊசி வழி போட்டு, ரத்த வங்கிக்குச் சொல்லிவிடுவார். நீங்கள் இரண்டாவது சக்‌ஷன், விரித்த பெரிய மாப்கள், வாஸ்குலர் கிளாம்ப் (ரத்தக்குழாயைப் பிடிக்கும் இடுக்கி) டிரே, 4-0, 5-0 புரோலீன் தையல் நூல் இவற்றைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிடுங்கள். எல்லாம் வந்தபின் மாப்பை ஒரு ஓரத்திலிருந்து மெதுவாக விலக்கிப் பார்க்க வேண்டும்.

ரத்தக் குட்டைக்குள் கண்ணை மூடிக்கொண்டு கிளாம்ப் போட்டால்தான் பெரிய சேதம். சின்ன ஓட்டையாக இருந்த சிரை கிழிந்து நீளும். இடுப்புக்குழியில் சிறுநீர்க் குழாயும், கல்லீரல் அடியில் பித்தக்குழாயும் கிளாம்பில் மாட்டும். கல்லீரலிலிருந்து வருகிறதென்றால் அறுவை மருத்துவர் பிரிங்கிள் 1908-ல் எழுதிய முறை இருக்கிறது: கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தை அதன் வாயிலிலேயே பிடித்துக்கொள்வது. 15 நிமிஷம் பிடித்து 5 நிமிஷம் விட வேண்டும். அந்தக் கணக்கை நீங்கள் போர்டில் எழுதலாம். சிசேரியனில் ரத்தம் 1 லிட்டரை எட்டுகிறது என்றால் கருப்பை சுருங்கும் மருந்துகளோடு ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராம், 10 நிமிஷத்தில் மெதுவாக. பிரசவமாகி 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன்.

எவ்வளவு போயிற்று என்பதைக் கண்ணால் மதிப்பிட்டால் எப்போதும் குறைவாகவே சொல்வோம். நனைந்த மாப்பை எடை போடுங்கள். உலர்ந்த எடையைக் கழித்துவிட்டால் 1 கிராமுக்கு 1 மில்லி என்று கணக்கு வந்துவிடும். மளிகைக் கடையில் வைக்கும் டிஜிட்டல் தராசு போதும்.

இனி பேச்சு. "எதுங்க டாக்டர்?" என்று திறந்தவெளியாகக் கேட்டால் பதறுகிறவருக்கு அது இன்னொரு பரீட்சை. கருவியின் பெயரைச் சொல்லி இரண்டில் ஒன்றாகக் கேளுங்கள்: "ரைட் ஆங்கிளா, லாங் ஆர்ட்டரியா?" கொடுக்கும்போது பெயரைத் திருப்பிச் சொல்லிக் கொடுங்கள்: "ரைட் ஆங்கிள்." உள்ளே திணிக்கும் ஒவ்வொரு மாப்பையும் சத்தமாக எண்ணிப் போர்டில் எழுதச் சொல்லுங்கள். மாப் கணக்கு தவறுவது பெரும்பாலும் இந்த மாதிரி நேரத்தில்தான். கணக்கு இடித்தால் மூடுவதை நிறுத்தித் தேடி, கிடைக்காவிட்டால் சி-ஆர்மில் (தியேட்டரிலேயே பார்க்கும் எக்ஸ்ரே கருவி) பார்க்க வேண்டும். எக்ஸ்ரேயில் தெரியும் இழை உள்ள மாப் மட்டுமே தியேட்டருக்குள் வர வேண்டும் என்பதும் அதற்காகத்தான்.

கத்துவது அனுபவசாலியின் லட்சணம் என்கிற நினைப்பு நம் ஊர்த் தியேட்டர்களில் இன்னும் போகவில்லை. கத்துகிற தியேட்டரில் "ஒரு மாப் குறையுதுங்க" என்று சொல்ல நர்ஸ் ஒரு கணம் தயங்குவார். நோயாளிக்கு அந்த ஒரு கணம் போதும். அவரிடம் இதைப் பேச வேண்டியது கேஸ் முடிந்து, கை கழுவி, இருவரும் உட்கார்ந்திருக்கும்போது. மேஜைக்கு முன்னால் அல்ல.

சீஃப் பக்கத்தில் நின்று பார்த்தால் தையல் போடும்போது கை நடுங்குகிறது. அவர் போய்விட்டால் சரியாகிவிடுகிறது. மாத்திரை ஏதாவது உண்டா?
— முதுகலை மாணவர், கோவை

நடுக்கம் இல்லாத கை கிடையாது. எல்லோர் கையும் நொடிக்கு 8 முதல் 12 தடவை மிக நுண்ணியதாக ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. அட்ரினலின் அதைக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிதாக்குகிறது. எனவே பெரிதாக்கும் மற்ற விஷயங்களைக் குறையுங்கள். ராத்திரி டியூட்டியைக் காப்பியிலேயே ஓட்டிவிட்டுக் காலை கேஸில் நின்றால் நடுங்கத்தான் செய்யும். காப்பியை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், தலைவலி வரும். தினமும் குடிக்கும் அளவைத் தாண்டாமல் இருந்தால் போதும். காலையில் ஜிம்மில் கைக்குக் கனம் தூக்குவது, சாப்பிடாமல் வருவது, வீசிங்குக்கு சால்பூட்டமால் இழுத்துவிட்டு உடனே நிற்பது இவையெல்லாமும் கூட்டும். ஓய்விலும் நடுக்கம் இருந்து, எடையும் குறைந்தால் தைராய்டு பாருங்கள்.

மேஜையில்: சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கையை நோயாளியின் உடல்மேல் துணிவிரிப்பில் ஊன்றுங்கள். முழங்கை விலாவை ஒட்டி இருக்கட்டும். அந்தரத்தில் நிற்கும் கைதான் ஆடும். ஊசியை முனையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளிப் பிடியுங்கள். நீடில் ஹோல்டரை இறுக்கி நெரிக்க வேண்டாம். நடுக்கம் தெரிந்தால் கருவியைக் கீழே இறக்கி, 4 எண்ணும் வரை மூச்சை இழுத்து 6 எண்ணும் வரை விடுங்கள். மூன்று மூச்சு, அரை நிமிஷம். சீஃபிடம் "கையை ஒரு தடவை சரி பண்ணிக்கிறேன் சார்" என்று சொல்லிவிட்டே செய்யுங்கள். ஒளித்து வைக்கப் பார்த்தால் நடுக்கம் கூடும்.

மாத்திரை என்றால் புரோபிரனலால். நடுக்கத்தைக் குறைக்கும், கண் அறுவை மருத்துவர்களிடம் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்துமா உள்ளவருக்கு ஆபத்து. நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் இறக்கும். வேறொரு டாக்டர் பரிசோதித்து எழுதித் தராமல், நீங்களே பார்மசியில் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு அது தேவையும் இல்லை. ஆள் பார்த்தால்தான் நடுங்குகிறது என்றால், ஆள் பார்க்கும்போதுதான் பழக வேண்டும். டிரெயினிங் பாக்ஸில் தனியாகப் போடும் நூறு தையலைவிட, இரண்டு ஜூனியர்களை நிறுத்திக்கொண்டு, கடிகாரம் வைத்துப் போடும் பத்து தையல் உதவும்.

அறுவைப் பாதுகாப்பு செக்லிஸ்ட்டில் டிக் அடிப்பது எங்களுக்குக் காகித வேலையாகவே இருக்கிறது. பதற்றத்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?
— மருத்துவமனை நிர்வாகி, ஈரோடு

டிக் மட்டும் அடித்தால் சம்பந்தம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த அந்தப் பட்டியலில் 19 அம்சங்கள். டெல்லி உட்பட 8 நகரங்களில் பார்த்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11-லிருந்து 7 ஆகவும் குறைந்தன. பதற்றத்துக்கு உதவுவது அதில் வெட்டுவதற்கு முன் நிறுத்திப் பேசும் பகுதி: எந்தக் கட்டம் கஷ்டம், எவ்வளவு நேரம், எவ்வளவு ரத்தம் போகலாம். இதைப் பேனாவை வைத்துவிட்டு டாக்டர் தன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லிவிட்ட ஆபத்து வரும்போது அறையில் யாரும் திடுக்கிடுவதில்லை. எல்லோரும் பெயர் சொல்லிக்கொள்வதும் அதில் உண்டு. புதிதாக வந்த டெக்னீஷியனை "ஏப்பா, உன்னைத்தான்" என்று கூப்பிட்டால் அவசரத்தில் மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

ராத்திரி லாரி விபத்து, ரிக் வண்டி விபத்துன்னு நசுங்கின காலோட வருவாங்க. காப்பாத்தறதா, எடுக்கறதாங்கிற முடிவுதான் ஆபரேஷனைவிட அதிகமா அழுத்துதுங்க.
— எலும்பு மருத்துவர், நாமக்கல்

இதற்கு நம் மண்ணிலேயே ஒரு கருவி உருவாகியிருக்கிறது. கோவை கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர் உருவாக்கி 2006-ல் வெளியிட்ட திறந்த காய மதிப்பெண். தோல், எலும்பு, தசை - தசைநார் - நரம்பு என மூன்றுக்கும் தனித்தனியே 1 முதல் 5 வரை. அதோடு, நிலைமையை மோசமாக்கும் 7 காரணங்களில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் 2: வயது 65-க்கு மேல், காயத்தைச் சுத்தம் செய்ய 12 மணி நேரத்துக்கு மேல் தாமதம், சாக்கடை அல்லது சாணக் கலப்பு, ரத்த அழுத்தம் 90-க்குக் கீழ் போன்றவை. மொத்தம் 29. 14-ம் அதற்குக் கீழும் என்றால் காலைக் காப்பாற்றப் போகலாம். 17-ம் அதற்கு மேலும் என்றால் எடுப்பதே பெரும்பாலும் சரி. 15, 16 நடுநிலை. அதில்தான் உங்கள் அனுபவமும் நோயாளியின் வாழ்க்கையும் பேச வேண்டும்.

வார்டில் கட்டைப் பிரித்துப் பார்த்து மதிப்பெண் போடாதீர்கள். தியேட்டரில் காயத்தைச் சுத்தம் செய்தபின் போடுங்கள். இரண்டு பேர் தனித்தனியே போட்டு ஒப்பிடுங்கள், கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். தனி ஒருவர் ராத்திரி 2 மணிக்குச் சுமக்க வேண்டிய முடிவு அப்போது பாதியாகும். ரத்தக்குழாயே அறுந்த காலுக்கு இந்தக் கணக்கு வகுக்கப்படவில்லை, அங்கே ரத்த ஓட்டம் நின்று எத்தனை மணி நேரம் என்பதே முதல் கேள்வி. டூர்னிக்கே (ரத்த ஓட்டத்தை நிறுத்தும் இறுக்குப் பட்டை) கட்டிய நேரத்தை எழுதி வையுங்கள். 2 மணி நேரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நர்ஸிடம் கொடுத்துவிடுங்கள்.

நடுவுல கரண்டு போனா?
— நர்ஸிங் ஹோம், தாராபுரம்

ஜெனரேட்டர் எடுக்கும் சில நொடிகளில்தான் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். பேசக் கூடாது. லேப்ராஸ்கோபி என்றால் திரை இருண்ட அதே இடத்தில் கருவிகளை அசைக்காமல் பிடித்திருங்கள். காட்டரி பெடலிலிருந்து காலை எடுங்கள். மயக்க மருந்து மெஷின், மானிட்டர், மேஜை விளக்கு மூன்றும் யு.பி.எஸ்.ஸில் இருக்க வேண்டும். கையால் மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக் மெஷினிலேயே தொங்க வேண்டும், சிலிண்டர் சாவி சிலிண்டரிலேயே கட்டியிருக்க வேண்டும். கரண்டு திரும்பியதும் உடனே தொடங்காதீர்கள். சில மெஷின்களில் செட்டிங் பழைய நிலைக்குப் போயிருக்கும். வயிற்றுக்குள் ஏற்றும் வாயு அழுத்தம் 12-ல்தான் இருக்கிறதா, காட்டரி அளவு மாறவில்லையா என்று வாய்விட்டுப் படித்துவிட்டுத் தொடருங்கள். மாதம் ஒருமுறை, நோயாளி இல்லாதபோது மெயினை நீங்களே அணைத்துப் பாருங்கள். யு.பி.எஸ். பேட்டரி செத்துக் கிடப்பது அன்றைக்குத் தெரிந்துவிடும்.

நாலைந்து மணி நேர கேஸில் கடைசி ஒரு மணி நேரம் கழுத்து வலியும் எரிச்சலும் சேர்ந்தே வருகிறது.
— லேப்ராஸ்கோபி மருத்துவர், பொள்ளாச்சி

சேர்ந்து வருவதில் ஆச்சரியம் இல்லை, வலிக்கிற உடம்புக்குப் பொறுமை குறைவு. மேஜையை இறக்குங்கள். திறந்த அறுவையில் காயம் உங்கள் முழங்கை உயரம். லேப்ராஸ்கோபியில் கருவியின் கைப்பிடி முழங்கை உயரம், அதாவது மேஜை இன்னும் கீழே. திரை நேர் எதிரில், கண்ணுக்குச் சற்றுத் தாழ இருக்க வேண்டும். பல தியேட்டர்களில் திரையை உயரத்தில் மாட்டிவிட்டுக் கழுத்தைத்தான் வளைக்கிறார்கள். உயரம் குறைந்த உதவியாளருக்குப் படி போடுங்கள், அவருக்காக நீங்கள் குனிய வேண்டாம்.

அரை மணிக்கு ஒருமுறை, ஒரு நிமிஷம், கையுறை கழற்றாமல் தோளைச் சுழற்றிக் கழுத்தை நிமிர்த்துங்கள். ஜெர்மனியின் ஹானோவரில் குழந்தைகளுக்கான லேப்ராஸ்கோபியில் 25 நிமிஷத்துக்கு 5 நிமிஷம் என்று தாராளமாக இடைவேளை விட்டுப் பார்த்தார்கள். டாக்டர்களின் அழுத்த ஹார்மோன் குறைந்தது, மொத்த நேரம் கூடவில்லை. பங்குனி, சித்திரையில் தண்ணீர் குடிக்காமல் உள்ளே போவதையும் விடுங்கள்.

எங்க வீட்டுக்காரர் சர்ஜனுங்க. போன மாசம் மேஜையிலயே ஒருத்தர் தவறிட்டாரு. அதுல இருந்து சரியாப் பேசறதில்ல, தூங்கறதில்ல. அடுத்த நாளே கேஸுக்குப் போயிட்டாரு. நான் என்ன கேட்கோணும், என்ன கேட்கக் கூடாதுங்க?
— வாசகி, கரூர்

"என்ன தப்பு நடந்துச்சு?" என்று கேட்க வேண்டாம். அதை அவர் ராத்திரி முழுக்கத் தன்னிடமே கேட்டுக்கொண்டிருப்பார். "சாப்பிட்டீங்களா, நாளைக்கு எத்தனை கேஸ்?" என்று கேளுங்கள். பெரிய கேஸ் இருக்கிறதென்றால் இன்னொரு மருத்துவரைக் கூட நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். இப்படிப்பட்ட மருத்துவர்களை இரண்டாவது பாதிக்கப்பட்டவர் என்று 2000-ல் அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் வூ எழுதினார். அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருவது, அதே வகை அறுவையைத் தவிர்ப்பது, தேவைக்கு மேல் பரிசோதனை எழுதுவது எல்லாம் அதன் அடையாளங்கள்.

அவருக்கு: மரணம் நேர்ந்த அன்றே நேரங்களோடு குறிப்பு எழுதியிருக்க வேண்டும். பிறகு ஒரு எழுத்தையும் அடித்துத் திருத்தக் கூடாது, சேர்க்க வேண்டுமென்றால் அன்றைய தேதி போட்டுத் தனியாக எழுத வேண்டும். அந்தக் கேஸை, கூட நின்ற மயக்க மருந்து டாக்டரோடும் மூத்த ஒருவரோடும் உட்கார்ந்து ஒருமுறை முழுக்கப் பேசிவிட வேண்டும். ஊர் முழுக்கப் பேசுவது வேறு. உறவினர்கள் மிரட்டினார்கள் என்றால் மருத்துவமனைகளைப் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் 2008-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நிர்வாகம் புகார் கொடுக்கட்டும், அவர் தனியாக அலைய வேண்டாம்.

ஒரு மாதமாகியும் தூக்கம் வரவில்லை என்கிறீர்கள். இனியும் காத்திருக்காமல் மனநல மருத்துவரைப் பார்க்கட்டும். உள்ளூரில் தெரிந்தவர்கள் பார்ப்பார்களே என்று தயங்கினால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416-க்குப் போன் செய்யலாம், இலவசம், தமிழிலும் பேசலாம். தூக்கத்துக்காகக் குடிக்க ஆரம்பித்திருந்தாலோ, உயிரோடு இருந்து என்ன என்கிற மாதிரிப் பேசினாலோ, அன்றைக்கே கூட்டிப் போங்கள், தனியே விடாதீர்கள்.

தியேட்டருக்குள் பாட்டுப் போடலாமா?
— ஓ.டி. டெக்னீஷியன், பெருந்துறை

போடலாம், மெதுவாக, யாரும் வேண்டாம் என்று சொல்லாத வரை. மயக்கம் கொடுக்கும்போதும், தெளிவிக்கும்போதும், மாப் எண்ணும்போதும், கஷ்டமான கட்டத்திலும் அணைத்துவிடுங்கள். அமெரிக்க விமானத் துறையில் 1981 முதல் ஒரு விதி உண்டு: 10,000 அடிக்குக் கீழே விமானி அறையில் வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சு கூடாது. ஏறும்போதும் இறங்கும்போதும்தான் ஆபத்து அதிகம். பாட்டைவிடத் தொல்லை போன்தான். டாக்டரின் போனை வெளியே ஒருவரிடம் கொடுத்து, எந்த அழைப்புக்கு மட்டும் உள்ளே வந்து சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். உள்ளே வந்து காதருகே போனைப் பிடிக்கும் வேலையை யாருக்கும் கொடுக்காதீர்கள்.